பன்னிரண்டு எழுத்து ஒசத்தி

கார் நூற்றுப்பத்தில் போய்க்கொண்டிருந்தது. வசுமதி அந்த எண்ணைப் பார்க்கவே கூடாது என்று முடிவுகட்டிக்கொண்டு, சாலையோரத்துக் கம்பிவேலியைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப்பக்கம் தலையைத் தொங்கப்போட்டு நின்ற ஆடுகளைப் பார்த்தாள், தூரத்தில் ஒற்றையாய் நின்ற ரங்கமலையைப் பார்த்தாள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணைத்தான் பார்த்தாள். சொத்தைப் பல் உள்ளவளின் நாக்கு வேறெங்கே போகும். நூற்றுப்பத்து. இப்போது நூற்றுப்பன்னிரண்டு. டயரில் டி என்று இருந்தால் நூற்றுத்தொண்ணூறு வரை தாங்கும். நூற்றுத்தொண்ணூறில் நூற்றுப்பன்னிரண்டு போக எழுபத்தெட்டு மிச்சம். இவ்வளவு மிச்சம் கிடக்கிறதே, அப்புறம் என்ன வந்தது உனக்கு, பேசாமல் உட்கார்ந்து வா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால் கேட்கிற மனசா அது. டயரின் பக்கவாட்டில் அளவு நம்பருக்குப் பின்னால் ஒற்றையாய் அச்சடித்திருக்கிற அந்த எழுத்து வேகத்துக்கு மட்டுமில்லை மேடம், சூட்டுக்கும் அதுதான், ரப்பர் எவ்வளவு தாங்கும்னு கம்பெனிக்காரன் கொடுக்கிற வாக்கு அது என்று விபத்துக் கார்களைப் பார்த்து ஆபீஸுக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர் சொன்னது உடனே வந்து நின்றது. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து இன்றைக்கு ஆறாம் நாள். மணி ஒன்பதேகால்கூட ஆகவில்லை, அதற்குள் தார் ரோட்டின் மேல் கானல் ஓட ஆரம்பித்துவிட்டது. காருக்குள் ஏசி போட்டு அவளுடைய கால்விரல்கள் சில்லிட்டுப்போயிருந்தன. அந்த விரல்களுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில்தான் ரோடு கொதித்துக்கொண்டு ஓடுகிறது. இந்தக் காருக்குக் கம்பெனி சொன்ன எழுத்து எச். எச் என்றால் இருநூற்றுப்பத்து. இப்போது நாலு சக்கரத்திலும் இருப்பது டி. இது காரை ஓட்டுகிற அவள் புருஷன் கிருபாகரனுக்குத் தெரியாது, பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற மிதுனாவுக்கு அவள் மூன்று வயசுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை, இந்த டயரைக் கொடுத்த தம்பி லோகநாதனுக்கும் தெரியாது. தெரிந்தவள் ஒருத்தி. அவள் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் ஆபீஸில். அதிலும் விபத்து நடந்த காருக்குப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிற பிரிவில்.

திண்டுக்கல் போய்ச் சேருவதற்குள் இவரிடம் சொல்லிவிடுவது என்றுதான் காலையில் புடவை கட்டும்போது நினைத்தாள். கிருபாகரன் வேலை பார்க்கும் பஸ் பாடி கட்டுகிற கம்பெனியின் மேனேஜர் மகளுக்குக் கல்யாணம், பத்தரைக்கு முகூர்த்தம், கரூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம், அதில் பேச நேரமா இல்லை. ஏனுங்க, ஒரு விஷயம் என்று ஆரம்பித்தால் போதும். அந்த ‘ஏனுங்க’ தொண்டை வரைக்கும் நாலு தடவை வந்தது. நாலு தடவையும் அதற்கு அடுத்த வார்த்தையாகத் தம்பியின் பெயர் வந்து நின்றது, உடனே அந்தத் தை மாசத்து மண்டபமும் வந்தது, நாதஸ்வரமும் வந்தது. மிதுனாவுக்குக் காது குத்து. தாய்மாமன் சீர் வருகிறது என்று எல்லாரும் வாசலுக்குப் போய் நின்றார்கள். பழத்தட்டு வந்தது, வெற்றிலைத் தட்டு வந்தது, வளையல் தட்டும் பட்டுப்பாவாடையும் வந்தன, எல்லாம் வந்து முடிந்தது என்று நினைத்தபோது நாலு ஆட்கள் ஆளுக்கொரு டயரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு டயருக்கும் சம்பங்கி மாலை. சந்தனம், குங்குமம். நாதஸ்வரக்காரர் ஒரு நிமிஷம் வாசிப்பை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே வாசித்தார். கிருபாகரனின் சித்தப்பா சும்மா இருப்பாரா, ‘காது குத்து கொழந்தைக்கா, காருக்கா’ என்று கேட்டார், மண்டபமே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் லோகநாதன் வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, ‘சிரிக்காதீங்க மாமா, கம்பெனில குடுத்தது எச்சு, நான் குடுக்கறது டி, பன்னெண்டு எழுத்து ஒசத்தி’ என்று விரல்விட்டுக் காட்டினான். எச்சுக்கு அடுத்து ஐ, ஜே, கே என்று எண்ணினால் பன்னிரண்டுதான் வரும், எண்ணிக்கையில் தப்பே இல்லை. வசுமதிக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தம்பி தங்கம் கொடுத்திருந்தால்கூட அவளுக்கு அப்படி இருந்திருக்காது. இரண்டு வேலையில் தோற்று, மூன்றாவதாக ஒரு டயர் கடை போட்டு, அந்தக் கடையிலிருந்தே அக்கா மகளுக்குச் சீர் கொண்டுவந்தவன். அவள் மாலை போட்ட டயரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். சாயங்காலமே பழையதைக் கழற்றிவிட்டு நாலையும் அவன் கையாலேயே மாட்டிவிட்டான்.

பன்னிரண்டு எழுத்து ஒசத்தி. அந்த எழுத்துகள் வரிசையாகத்தான் போகின்றன, யார் இல்லையென்றது, எஸ் வருகிறது, அதற்கு மேல் டி, அதற்கு மேல் யூ, அதற்கு மேல் வி வர வேண்டிய இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எச்சைத் தூக்கிக்கொண்டுவந்து நடுவில் செருகிவிட்டுப் போயிருக்கிறான். எதற்குச் செருகினான் என்று சர்வேயரையும் கேட்டுப் பார்த்தாள், அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம் மேடம் என்றார், அவருக்கே தெரியாது. உலகத்தில் எத்தனையோ கோடி டயர் உருள்கிறது, அந்த ஒரு எச் மட்டும் தன் இடத்தில் இருந்திருந்தால் லோகு சொன்னது சரியாகப் போயிருக்கும். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா. கொசுவலை ஏற்றுமதிக் கம்பெனியில் பேக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவன். டயர் கொண்டுவந்து போடுகிற ஏஜென்டு அளவு நம்பரைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான், அதை மட்டும் பார்த்தான். நூற்று எண்பத்தைந்து, அறுபத்தைந்து, பதினைந்து, எல்லாம் பொருந்தியது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற எழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவனே இங்கிலீஷ் அகராதி வரிசையை வைத்து ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டான். அவளுக்கு மட்டும் என்ன தெரியும். கிளைம் பிரிவில் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறாள், டயரின் பக்கவாட்டை அவள் குனிந்து பார்த்ததில்லை. போன வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததே, இனிமேல் சர்வேயர்கள் டயரின் வேகக் குறியீட்டையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், கம்பெனி சொன்னதைவிடக் குறைவாக இருந்து அதை முன்கூட்டியே தெரிவிக்காமலும் இருந்தால் பரிசீலிக்க வேண்டும் என்று, அதையும் அவள்தான் வாங்கி நம்பர் போட்டு ஃபைலில் கோத்தாள். பரிசீலிக்க வேண்டும் என்றால் அவர்கள் பாஷையில் கொடுக்காதே என்று அர்த்தம்.

நூற்றுப்பதினைந்து. முன்னால் ஒரு சிமென்ட் லாரி. கிருபாகரன் விளக்கை மினுக்கிக் காட்டி வலதுபக்கம் ஏறினான். லாரியின் சக்கரங்கள் அவள் ஜன்னலோரம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, ஒவ்வொன்றும் அவள் உயரத்துக்குப் பாதி. எத்தனை சக்கரம் அப்பா, தீரவே தீராதா இந்த லாரி. அவள் கை தானாகக் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டது. லாரி பின்னுக்குப் போன பிறகும் விடவில்லை. ‘கொஞ்சம் மெதுவாப் போலாமுங்க’ என்றாள். ‘எதுக்கு?’ ‘இல்ல, வெயிலு.’ ‘வெயிலுக்கும் மெதுவாப் போறதுக்கும் என்ன சம்பந்தம்?’ சம்பந்தம் இருக்கிறது, சூடு ஏற ஏற, என்று உள்ளே ஒரு வசுமதி முழுசாகச் சொல்லிமுடித்தாள். வெளியே இருந்தவள், ‘பாப்பா தூங்கறா’ என்றாள். கிருபாகரன் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துச் சிரித்தான். நல்ல மனுஷன்தான், கை நீட்டமாட்டான், குடிக்கமாட்டான், ஆனால் கேலி ஒன்று அவன் நாக்கில் எப்போதும் தயாராக நிற்கும். ‘என்ன, உன் தம்பி டயரு மேல உனக்கே நம்பிக்கையில்லியா? பன்னெண்டு எழுத்து ஒசத்தியாச்சே’ என்றவன், அதை நிரூபித்துக் காட்டுகிற மாதிரி காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். நூற்றுஇருபது. இது என்ன கொடுமை, வாயைத் திறந்ததும் வேகம் கூடுகிறது. இனி அவள் மெதுவாகப் போகச் சொன்னால் அது தம்பிக்கு எதிராகச் சொன்னதாக ஆகும், சொல்லாவிட்டால் நூற்றுஇருபது.

அப்படியே உண்மையைச் சொன்னால்தான் என்ன ஆகும். அதையும் அவள் ஒன்பது நாளாக எல்லாப் பக்கத்திலிருந்தும் போய்ப் பார்த்துவிட்டாள். இவரிடம் சொன்னால் முதலில் சிரிப்பார். அப்புறம் காரை ஓரங்கட்டி இறங்கிப் போய்க் குனிந்து பார்ப்பார். அதற்கப்புறம் அங்கேயே நின்று லோகுவுக்குப் போன் போடுவார், திட்டக்கூடமாட்டார், கேலிதான் செய்வார், என்ன மாப்ளே, ஏபிசிடி எந்த இஸ்கூல்ல படிச்சீங்க என்று. அது போதும் அவனுக்கு. இரண்டாவது வேலையும் போனபோது மூன்று மாசம் ரூமை விட்டு வெளியே வராமல் கிடந்தவன். அன்றைக்கு அவள்தான் போய்த் தட்டித் தட்டிச் சோறு கொடுத்தாள், சோற்றைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போக்கா என்று அவன் சொன்ன குரல் இப்போதும் காதில் இருக்கிறது. சரி, இவரிடம் வேண்டாம், நேராக லோகுவிடம் சொல்லலாம் என்றால் அவன் அந்த நிமிஷமே ஓடிவந்து காரைத் தூக்கி நிறுத்துவான், இவர் பார்ப்பார், ஏன் மாப்ளே என்பார். சரி, யாருக்கும் சொல்லாமல் அவளாகவே வேறு கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்றால், தாய்மாமன் சீரைக் கழற்றிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டு வந்தாள் என்று எப்படியும் ஒருநாள் தெரியும். கரூர் என்ன கடலா. இவை எல்லாவற்றையும் விடச் சுத்தமான வழி ஒன்று உண்டு, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, ஐயா என் காரில் இன்ன டயர் மாட்டியிருக்கிறது என்று தெரிவித்துவிடுவது. அந்தக் கடிதம் வந்து சேருவது அவளுடைய மேஜைக்கு. இரண்டு மாசம் முன்னால் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்துள்ளீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று அவள்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், கார் அவள் பெயரில். அன்றைக்குத் தெரியாமல் எழுதினாள். தெரியாமல் எழுதினேன் என்று எத்தனை பேர் அவளிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் என்ற வார்த்தைக்கு ஃபாரத்தில் கட்டம் கிடையாதுங்க என்று அவளே ஒருத்தருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் கிடக்கிறாள் பாவி.

அந்த ஒருத்தர் அருளப்பன். முருங்கைக்காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவர். இதோ ரோட்டின் இரண்டு பக்கமும் முருங்கைத் தோட்டமாக வருகிறதே, இதில் எங்கேயோதான் அவர் வீடு. அவர் காரும் இதே ரோட்டில்தான் நடுத்திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. சர்வேயர் அனுப்பிய பதினெட்டு போட்டோவில் பதினேழாவது டயருடையது, அதில் அந்த எழுத்தைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருந்தார். டயர் வெடிக்கவில்லை, வழுக்கவில்லை, சும்மா காற்றுடன் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுத்து எழுத்துதானே. ஒன்பது நாள் முன்னால் அருளப்பன் ஆபீஸுக்கு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஜெபமாலை, இடது கண்ணுக்கு மேல் தையல் போட்ட இடம் காயாமல் இருந்தது. ‘அறுபதுலதாம்மா போனேன். நாய் குறுக்க வந்துச்சு’ என்றார். அவள் போட்டோவைத் திருப்பிக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘இப்படி ஒரு எழுத்து இருக்கறதே எனக்குத் தெரியாதேம்மா’ என்றார். அதற்குத்தான் அவள் கட்டம் கிடையாதென்று சொன்னது. ‘அறுபதுல போறவனுக்கு எதுக்கும்மா இரநூத்திப்பத்து?’ என்று கேட்டார். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க, பார்க்கலாம் என்றாள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிடாமல் போயிருக்கலாம் அந்த மனுஷன்.

அன்றைக்கு மதியம் டப்பாவைத் திறந்தாள், தயிர்சாதம் இறங்கவில்லை. என்னவோ தோன்றி, டப்பாவை மூடிவிட்டுக் கீழே வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனாள். வேப்பமர நிழலில் நின்றது கார். யாராவது பார்த்தால் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே குனிந்தாள். சந்தனக் கறை இன்னும் போகாமல் எழுத்துகளின் பள்ளத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தாள். நூற்று எண்பத்தைந்து, அறுபத்தைந்து, ஆர் பதினைந்து, எண்பத்தெட்டு, டி. கதவைத் திறந்து, உள்பக்கம் தகட்டில் கம்பெனி ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். எச். அடுத்த சக்கரத்துக்குப் போனாள், அதற்கு அடுத்ததற்கும் போனாள், நாலாவதில் மட்டும் வேறு எழுத்து இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. நாலாவதிலும் டி. அதற்கப்புறம் அவள் செய்ததுதான் இன்றைக்கும் அவளுக்குப் பொறுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள், கையைக் கழுவினாள், மேஜையில் உட்கார்ந்து அருளப்பனுக்கான கடிதத்தை அடித்தாள். உற்பத்தியாளர் நிர்ணயித்ததைவிடக் குறைந்த வேகத் தரமுள்ள டயர்கள் பொருத்தப்பட்டிருந்தமையாலும், அம்மாற்றம் எங்களுக்குத் தெரிவிக்கப்படாமையாலும், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். கையெழுத்து மேனேஜருடையது. வாசகம் வசுமதியுடையது. ஒரு பிழைகூட இல்லாமல் அடித்திருந்தாள். வருந்துகிறோம் என்ற இடத்தில் மட்டும் விரல் நின்றது, அது எத்தனையோ வருஷமாக அங்கேயே இருக்கிற வார்த்தை, தினமும் அடிக்கிறாள், அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகப் படித்தாள்.

இப்போது முன்சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வந்ததா. டக் டக் டக் என்று. இல்லை, அது ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைப் பட்டை. இல்லையில்லை, பட்டை முடிந்த பிறகும் வருகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கிருபாகரன் பக்கத்துக் கதவுப் பையில் கிடந்த பேனா கதவில் பட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் மூச்சை விட்டாள். விட்ட மூச்சோடு அந்தப் படமும் வந்துவிட்டது, வரவே கூடாது என்று ஒன்பது நாளாகத் துரத்திக்கொண்டிருந்த படம். இந்த ரோட்டிலேயே கார் கவிழ்ந்து கிடக்கிறது. நாலு சக்கரமும் மேலே, யார் வேண்டுமானாலும் எழுத்தைப் படிக்கலாம். சர்வேயர் வருகிறார், குனியத் தேவையில்லை அவருக்கு, நின்றபடியே படம் எடுக்கிறார். அந்தப் படத்தில் இவர் எங்கே, மிதுனா எங்கே, அதற்குமேல் மனசு காட்டமாட்டேன் என்கிறது, காட்டாவிட்டாலும் அங்கே இருக்கிறதென்று தெரிகிறது. ஃபைல் ஆபீஸுக்கு வருகிறது. அவள் உயிரோடு இருந்தால் அவளிடம் கொடுக்கமாட்டார்கள், பக்கத்து மேஜையில் கொடுப்பார்கள், பக்கத்து மேஜைக்காரி அழுதுகொண்டே அடிப்பாள். வாசகத்துக்கு யோசிக்க வேண்டியதில்லை. வசுமதியின் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது, பேரை மட்டும் மாற்றினால் போதும். கடவுளே, இந்த ஒரு தடவை கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, திரும்பிவரும்போது சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். சேர்த்துவிட்டால் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளில் எட்டு தடவை இதே வேண்டுதல், கோயிலுக்கு, ஆபீஸுக்கு, மார்க்கெட்டுக்கு, ஒவ்வொரு தடவையும் கடவுள் தன் பங்கைச் செய்துவிட்டார்.

வேடசந்தூரைத் தாண்டும்போது மிதுனா எழுந்து, ‘அம்மா, உச்சா’ என்றாள். கிருபாகரன் மணியைப் பார்த்து முனகிக்கொண்டே ஒரு காபிக் கடை முன்னால் நிறுத்தினான். ‘நீ உக்காரு, பட்டுப்புடவையோட நீ எங்க வருவே, நான் கூட்டிட்டுப் போறேன், உனக்கும் ஒரு காப்பி வாங்கியாரேன்’ என்று மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் பின்னால் போனான். நல்ல மனுஷன். திரும்பி வந்ததும் சொல்லிவிட வேண்டும், கார் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும், நிற்கிற காரில் வேகம் கூடாது. முடிவெடுத்ததும் உடம்பு கொஞ்சம் லேசானது. அப்போது பார்த்து போன் அடித்தது. லோகநாதன். அவனிடமே முதலில் சொல்லிவிட்டால் என்ன, அவன் நிதானமாகக் கேட்டுக்கொள்வான், இவர் வருவதற்குள் நாலு வார்த்தையில் முடித்துவிடலாம். எடுத்தாள்.

‘அக்கா, திண்டுக்கல் போயாச்சா?’ என்றான்.

‘இல்லடா, வேடசந்தூர்கிட்ட நிக்கறோம். லோகு, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.’

‘சொல்லுக்கா. அதுக்கு முந்தி ஒரு நிமிசம். கடைல ஒரு பார்ட்டி இருக்காரு. உன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேக்கோணுமாம்.’

‘என்கிட்டயா, எதுக்கு?’

‘நம்ம டயருதான். உங்க கார்ல மாட்டுன அதே செட்டு. வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்றதுதானே, இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கற எங்கக்காவே இதைத்தான் போட்டு ஓட்டறாங்கன்னு. அதுக்கு மேல ஒருத்தரும் கேள்வி கேக்கறதில்ல. இவருக்கு முந்தியே இந்த மாசத்துல ஏழு செட்டுக்கா.’ அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை அவள் எத்தனை வருஷமாகக் கேட்டதில்லை. ‘இவரு கொஞ்சம் வெவரமானவரு. பழசுல எச்சுன்னு இருக்குது, புதுசுல டின்னு இருக்குது, நாளைக்கு இன்ஷூரன்ஸ்ல ஒண்ணும் சொல்லமாட்டாங்களான்னு கேக்கறாரு. எங்கக்காவையே கேட்டுருங்கன்னுட்டேன். குடுக்கறேன், ஸ்பீக்கர்ல போடறேன்.’

ஏழு. ஏழு நாலு இருபத்தெட்டு. இருபத்தெட்டு சக்கரம் எந்தெந்த ரோட்டில் உருளுகிறதோ, அதில் எது முதலில் அவள் மேஜைக்கு வரப்போகிறதோ. ‘வணக்கமுங்கம்மா’ என்று ஒரு வயசான குரல் வந்தது. ‘நான் மாரப்பனுங்க. உங்க தம்பி தங்கமான பையனுங்க, நல்லா பேசறாரு. மகளுக்கு ஏழு மாசமுங்க, மருமவன் துபாய்ல, வாரம் ஒருக்கா நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு நாந்தேன் கூட்டிட்டுப் போறன். அதனாலதேன் கேட்டுக்கலாம்னு. வண்டி ஜாக்கி மேல நிக்குதுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மாட்டச் சொல்லிருவேன். இந்த எழுத்தால ஒண்ணும் வராதுங்களே?’

வேண்டாங்க, மாட்டாதீங்க. இரண்டே வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். போனுக்கு அந்தப்பக்கம் கடையின் சத்தமெல்லாம் அடங்கியிருந்தது, வேலையாட்களும் கையை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள் போல, அவர்களுக்கு நடுவில் லோகு நிற்பான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எங்கக்கா சொல்றதைக் கேளுங்க என்கிற முகத்தோடு. பத்துப் பேர் முன்னால். கடைக்குப் பின்னாலிருந்து கிருபாகரன் வந்துகொண்டிருந்தான், ஒரு கையில் மிதுனா, ஒரு கையில் இரண்டு காபிக் கப், சிந்தாமல் இருக்கக் கப்பையே பார்த்து நடந்தான். இன்னும் பத்தடி. இப்போது வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று இந்தப் பெரியவர் கேட்பார், அதற்குச் சொல்கிற பதிலை லோகுவும் கேட்பான், இவரும் கேட்பார். பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். பிறகு என்றால், அதற்குள் அந்தப் பெரியவர் நாமக்கல் போய்த் திரும்பியிருப்பார். அறுபதில் போகிறவராகத்தான் தெரிகிறார். அறுபதில் போகிறவருக்கு எதற்கு. ஏழு மாசம்.

‘அம்மா, லைன்ல இருக்கீங்களா?’

‘இருக்கறனுங்க’ என்றாள். ‘ஒண்ணும் வராதுங்க. தைரியமா மாட்டச் சொல்லுங்க.’

சொன்னது அவள்தான். தடுமாறாத, தெளிவான, எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒன்பது வருஷமாகப் பேசிப் பழகிய குரல். ‘சந்தோசமுங்கம்மா, நீங்க சொன்னாப் போதும்’ என்றார் மாரப்பன். ‘பாத்தீங்களா’ என்று லோகு தூரத்திலிருந்து சொன்னான். போனை எங்கேயோ வைத்துவிட்டார்கள், அணைக்கவில்லை. நட்டு முடுக்குகிற மிஷின் சத்தம் கேட்க ஆரம்பித்தது, ஒன்று, சின்ன இடைவெளி, இன்னொன்று. அணைக்கத் தோன்றாமல் அவள் காதில் வைத்துக்கொண்டே இருந்தாள். கிருபாகரன் கதவைத் திறந்து மிதுனாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, ஒரு காபிக் கப்பை அவளிடம் நீட்டினான்.

‘உன் தம்பியா? என்னவாம்?’

‘கடைல வேலை நடக்குதுங்க’ என்றாள். காபி கை சுட்டது. அவன் சாவியைத் திருப்பினான்.